மாடித்தோட்டத்துக்கு ஒரு கணக்கு நோட்டு: செடியின் வளர்ச்சியை அளந்து எழுதுவது எப்படி?

"வெண்டை போட்டு ரொம்ப நாளாச்சு, இன்னும் பூக்கவே இல்லை" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்றைக்கு விதைத்தீர்கள்? பெரும்பாலும் வரும் பதில், "போன மாசம்... தீபாவளிக்கு முன்னாடி இருக்கும்." வெண்டை விதைத்த 35 முதல் 40 நாளில் பூக்கிற செடி. 30ஆம் நாள் பூ இல்லை என்றால் பேசாமல் காத்திருக்கலாம். 55ஆம் நாளும் பூ இல்லை என்றால் வெயில் போதவில்லை, இல்லாவிட்டால் உரம் அள்ளிக் கொட்டியதில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிச் செடி இலையாகவே தள்ளுகிறது. தேதி தெரியாமல் இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாடியில் பைகளிலோ, மண்ணே இல்லாமல் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியிலோ புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது. சென்னை வெயிலையும் சென்னைத் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மாதங்களைக் கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொள்ளுங்கள். முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: செடியின் அளவை எழுதுகிற அதே வரியில், அந்த வாரம் நீங்கள் அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெறும் சென்டிமீட்டர் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

கையில் வேண்டியவை

நூறு பக்க நோட்டு ஒன்று, பென்சில், தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, கொஞ்சம் மூங்கில் குச்சிகள், சிவப்பு நூல். இவ்வளவுதான். பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் மை கலைந்துவிடும். பெயர் அட்டைக்கும் பென்சிலே நல்லது. பெர்மனென்ட் மார்க்கர் என்று பெயர்தான், நம் மாடி வெயிலில் சில மாதங்களில் வெளுத்துவிடும். சொரசொரப்பான வெள்ளை பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் அழுத்தி எழுதினால் ஒரு பருவம் முழுக்க நிற்கும். ஐஸ்கிரீம் குச்சியை நட்டு வைக்கிறவர்கள் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் பகுதி சீக்கிரமே உளுத்துவிடும்.

எல்லாச் செடியையும் அளக்காதீர்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் வாரம் முப்பது பைகளையும் அளப்பார்கள். மூன்றாம் வாரம் நோட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொரு வகையிலும் இரண்டு செடி போதும். அந்த இரண்டில் ஒன்று நடுவில் இருப்பதாகவும் ஒன்று சுவரோரம் இருப்பதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுகொழுவென்று இருக்கிற செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தோட்டத்தின் நிலவரம் தெரியாது. வெ1, வெ2, த1, மி1 என்று எண் போட்டுப் பையிலேயே கட்டிவிடுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு அளவைச் செடிக்கும் தனிப் பக்கம். பக்கத்தின் தலையில் அதன் ஜாதகம்: விதை எங்கே வாங்கியது, ரகம், எத்தனை விதை போட்டு எத்தனை முளைத்தது, விதைத்த தேதி, முளைத்த தேதி, நாற்றைப் பைக்கு மாற்றிய தேதி, மண் கலவை. தக்காளி நாற்றை 25 நாளில் மாற்றலாம், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். மிளகாய் முளைக்கவே பத்து நாள் எடுக்கும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்; வெண்டையைப் பார்த்துப் பழகியவர்கள் அதற்குள் மண்ணைக் கிளறிப் பார்த்துவிடுகிறார்கள்.

ரகத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். கோ, பி.கே.எம். என்று தொடங்கும் ரகங்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், பெரியகுளம் வளாகங்களில் உருவானவை. அவற்றின் வயது, முதல் பறிப்புக்கு ஆகும் நாள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிகளில் இருக்கும். உதாரணமாக, பி.கே.எம். 1 தக்காளியின் வயது சுமார் 135 நாள். உங்கள் செடி முந்துகிறதா பிந்துகிறதா என்று ஒப்பிட ஒரு எண் கிடைத்துவிடும். 'நாட்டுத் தக்காளி' என்று மட்டும் எழுதி வைத்தால் எதோடு ஒப்பிடுவது?

உயரம்: குச்சியில் ஒரு கோடு

உயரம் அளப்பது சுலபம் என்றுதான் தோன்றும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த மண் தண்ணீர் ஊற்ற ஊற்ற அமுங்கும். 12 அங்குலப் பையில் ஒன்றிரண்டு அங்குலம் இறங்குவது சகஜம். மண்ணிலிருந்து அளந்தால் மண் இறங்கிய அளவும் செடியின் உயரத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் நீங்கள் மேல் உரம் போட்டு மண் அணைத்தால், செடி ஒரே நாளில் குட்டையாகிவிடும்.

அதனால் செடியை நட்ட அன்றே ஒரு மூங்கில் குச்சியைப் பையின் அடி வரை இறக்கிவிடுங்கள். அன்றைய மண் மட்டத்தில் குச்சியில் பிளேடால் ஒரு வெட்டு. இனி எப்போதும் அந்த வெட்டிலிருந்துதான் அளவு. மேலே எங்கே முடிப்பது? நுனிக் குருத்தில். இலையைத் தூக்கிப் பிடித்து அதன் நுனி வரை அளந்தால் காலையில் ஓர் அளவு, வாடிய மதியத்தில் ஓர் அளவு வரும். வாரம் ஒரு முறை, அதே கிழமை, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காலையில். தினமும் அளந்தால் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

உயரத்தோடு இலை எண்ணிக்கையும் கணு இடைவெளியும் வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய இலையைத்தான் எண்ணுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அடியிலை பழுத்து உதிரும் என்பதால், பத்தாவது இலையின் காம்புக்கு அடியில் தளர்வாக ஒரு நூலைக் கட்டிவிட்டு அங்கிருந்து எண்ணலாம். கணு இடைவெளி என்பது தண்டில் ஒரு இலை கிளம்பும் இடத்துக்கும் அடுத்த இலை கிளம்பும் இடத்துக்கும் உள்ள தூரம். உயரம் ஏறுகிறது, இலை கூடவில்லை, கணுக்கள் விலகிக்கொண்டே போகின்றன என்றால் செடி வெளிச்சம் தேடி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பார்ப்பதற்கு ஜம்மென்று வளர்வது போலவே இருக்கும். முதல் காற்றில் சாயும்.

முளைத்த முதல் இரண்டு வாரம் எண்கள் நகரவே நகராது. பயப்படாதீர்கள், அப்போது வேலை எல்லாம் மண்ணுக்குள் நடக்கிறது. பிறகு வேகம் பிடிக்கும். தக்காளியில் குட்டை ரகங்கள், பூவும் காயும் தள்ளத் தொடங்கியதும் உயர்வதைக் குறைத்துக்கொள்ளும்.

பாகல், பீர்க்கன், புடலைக்கு இந்த உயரக் கணக்கு உதவாது. கொடியின் நுனி பந்தலில் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு நூலைக் கட்டுங்கள். மூன்று நாள் கழித்து நூலிலிருந்து நுனி வரை அளந்தால் போதும். கொடியில் அதைவிட முக்கியமாக எழுத வேண்டியது, முதல் பெண் பூ என்றைக்கு, எத்தனையாவது கணுவில் வந்தது என்பது. இந்தக் கொடிகளில் முதலில் ஆண் பூக்கள்தான் வரிசையாக வந்து உதிரும். "பூக்கிறது, காய்க்கவில்லை" என்ற புலம்பல் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பூவுக்குக் கீழே குட்டியாக ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. பாகல் காலையில் மலரும், பீர்க்கன் சாயங்காலம் மலரும். கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறவர்கள் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கீரையில் எதையும் நாடா வைத்து அளக்க வேண்டாம். சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் 20, 25 நாள் விவகாரம். விதைத்த தேதி, பறித்த தேதி, எடை, மூன்று எண் போதும். அரைக்கீரைக்கு மட்டும் ஒவ்வொரு அறுப்பின் எடையும் தனித்தனியாக. எடை எந்த அறுப்பில் சரியத் தொடங்குகிறதோ அப்போது உரம் கொடுக்கலாம். கொடுத்தும் ஏறவில்லை என்றால் புதிதாக விதைத்துவிடலாம்.

பூவுக்கு ஒரு நூல்

வெண்டைப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். விரிந்த அன்று அந்தக் காம்பில் ஒரு சிவப்பு நூல். ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும். நுனியை ஒடித்துப் பார்த்து முற்றலா பிஞ்சா என்று சோதிக்கிற வேலையே இல்லை, நூலைப் பார்த்துப் பறிக்கலாம். நான்கைந்து காய்க்கு இப்படிச் செய்தால் உங்கள் மாடியில் அந்த ரகம் எத்தனை நாள் எடுக்கிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் நூல் வேண்டாம்.

தக்காளியில் பூங்கொத்தைக் கணக்கெடுங்கள். முதல் கொத்தில் எத்தனை பூ, அதில் எத்தனை பிஞ்சானது, எத்தனை உதிர்ந்தது. பகலில் 35 டிகிரிக்கு மேல் காய்ந்து, இரவிலும் புழுக்கம் குறையாத நாட்களில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். ஏப்ரல், மே மாதங்களில் பூ கொட்டுவதற்கு எத்தனை டானிக் தெளித்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதியிருந்தால் டானிக் காசு மிச்சம்.

வெயில் நகர்வதைக் குறியுங்கள்

வளர்ச்சிக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது இது. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும். டிசம்பரிலோ நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவர் தெற்குப் பக்கம் இருந்தால், டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் இரண்டடிக்கும் கொஞ்சம் மேல் மாடிக்குள் விழும். அதாவது சுவரோரம் வரிசையாக வைத்த பைகள் மொத்தமும் நிழலில். ஆடியில் அதே இடத்தில் வெளுத்து வாங்கிய செடி மார்கழியில் முடங்கினால் உரத்தைச் சந்தேகப்படாதீர்கள், பையை உள்ளே நகர்த்துங்கள்.

இதற்குக் கருவி வேண்டாம். மாதம் ஒரு நாள், காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு மாடியை ஒரு சுற்று சுற்றி வந்து, எந்தப் பை வெயிலில், எது நிழலில் என்று நோட்டில் ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் இடத்தில் காய்கறி, மூன்று நான்கு மணி நேரமே கிடைக்கும் இடத்தில் புதினா, பொன்னாங்கண்ணி, கீரை. ஷேட் நெட் (நிழல் வலை) போட்ட தேதியும் எடுத்த தேதியும் எழுத மறக்காதீர்கள்.

போட்டோ எடுப்பது பற்றிச் சுருக்கமாக: அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் போனைப் பிடித்து, காலை வெளிச்சத்தில். பின்னால் ஒரு வெள்ளை அட்டை, பக்கத்தில் ஒரு ஸ்கேல், எண் அட்டை தெரிய வேண்டும். அழகான படம் எடுக்க முயன்றால் ஒப்பிட முடியாத படம்தான் கிடைக்கும்.

ஒரு பக்கத்தைப் படித்துப் பார்ப்போம்

வெ2 என்ற வெண்டைச் செடியின் பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

முதல் ஞாயிறு: 18 செ.மீ., இலை 5. மண்புழு உரம் ஒரு கைப்பிடி.
இரண்டாம் ஞாயிறு: 26 செ.மீ., இலை 7. எதுவும் கொடுக்கவில்லை.
மூன்றாம் ஞாயிறு: 29 செ.மீ., இலை 8. செவ்வாய் முதல் வியாழன் வரை ஊரில் இல்லை, தண்ணீர் இல்லை.
நான்காம் ஞாயிறு: 38 செ.மீ., இலை 10, மொட்டு 3. பஞ்சகவ்யா தெளித்தது, லிட்டருக்கு 30 மி.லி.

38 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். வித்தியாசத்தைப் பாருங்கள்: 8, 3, 9. நடுவில் ஒரு வாரம் விழுந்தது எதனால் என்பது அதே வரியில் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், நான்காம் வாரம் 9 ஏறியதைப் பார்த்துவிட்டு "பஞ்சகவ்யா அடிச்சேன், பாருங்க என்னமா ஏறிடுச்சு" என்று நாலு பேருக்குச் சொல்லியிருப்போம். ஏறியது தண்ணீர் திரும்ப வந்ததால். பஞ்சகவ்யா அந்த ஞாயிறு அளந்த பிறகு தெளித்தது. அதன் பலன் இருந்தால் ஐந்தாம் வாரத்தில்தான் தெரியும்.

உண்மையிலேயே ஒரு உரம் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமா? ஒரே நாளில் விதைத்த நான்கு பையில் இரண்டுக்கு மட்டும் அதைக் கொடுங்கள், மற்ற இரண்டுக்கும் அதே அளவு வெறும் தண்ணீர் தெளியுங்கள். மூன்று வாரம் வேறு எதையும் மாற்றாதீர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மீன் அமிலமும் கொடுத்து, இடமும் மாற்றி, நுனியும் கிள்ளினால் எதால் என்ன நடந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஹைட்ரோபோனிக்ஸ்: தண்ணீரைப் படிப்பது

மண்ணில் நாம் செய்யும் தவறுகளை மண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தண்ணீரில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் இங்கே செடியை வாரம் ஒரு முறை அளந்தாலும், தண்ணீரைத் தினமும் பார்க்க வேண்டும். எழுத வேண்டியவை நான்கு: தண்ணீர் மட்டம், ஈ.சி. (கரைந்த உப்பின் அளவு), பி.எச். (அமில-காரத் தன்மை), தண்ணீரின் வெப்பநிலை.

முதலில், உரம் கலக்கும் முன் வெறும் தண்ணீரை அளந்து எழுதுங்கள். சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீரில் கரைந்த உப்பு அப்படியே 1000 பி.பி.எம்.மைத் (லிட்டருக்கு ஏறக்குறைய இத்தனை மி.கி.) தாண்டும். அதில் உப்பு ஏற்கனவே நிறைந்திருக்கிறது. செடிக்கு வேண்டிய சத்தைக் கலக்க இடமே இல்லை. மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர், அல்லது இவற்றில் ஒன்றைக் கலந்த குழாய்த் தண்ணீர் என்று போக வேண்டியதுதான். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் இதில் ஊற்றிவிடாதீர்கள், அது மூலத் தண்ணீரைவிட உப்பு.

ஈ.சி. என்பது கரைசலில் கரைந்திருக்கும் உப்புச்சத்தின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன். மில்லிசீமென்ஸ்/செ.மீ. என்ற அலகில் லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 போதும், பாலக்குக்கு 1.8க்கு மேல், தக்காளிக்கு 2க்கு மேல். இதில் ஒரு குழப்பம் உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) பேனாக்கள் அளப்பதும் ஈ.சி.யைத்தான், அதை ஒரு எண்ணால் பெருக்கி பி.பி.எம். என்று காட்டுகின்றன. சில 500ஆல் பெருக்கும், சில 700ஆல். ஈ.சி. 1.2 உள்ள ஒரே கரைசலை ஒரு பேனா 600 என்றும் இன்னொன்று 840 என்றும் காட்டும். நண்பர் சொன்ன பி.பி.எம். அளவை வைத்துக்கொண்டு உங்கள் பேனாவில் சரிபார்த்தால் கதை கந்தல். நோட்டில் எப்போதும் ஈ.சி.யாகவே எழுதுங்கள்.

பி.எச். 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் இரும்புச் சத்து கரைசலில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது, குருத்து வெளுக்கும். மீட்டரை மாதம் ஒரு முறை பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களில் நனைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள், ஈ.சி. மீட்டருக்கு 1.413 கரைசல். சரிசெய்த தேதியும் நோட்டில் ஏற வேண்டும். பி.எச். மீட்டரின் கண்ணாடி முனையைக் காயவிட்டால் போச்சு. அதற்கென்று விற்கும் சேமிப்புக் கரைசலை மூடியில் நான்கு சொட்டு விட்டு மூடி வையுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைப்பதும் முனையைக் கெடுக்கும்.

ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும் உரத்தை நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒன்றில் இருக்கும் கால்சியம் மற்றதில் இருக்கும் சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும். தொட்டித் தண்ணீரில் ஏ ஊற்றிக் கலக்கி, அப்புறம் பி. எவ்வளவு மி.லி. ஊற்றினீர்கள், அதற்குமுன் ஈ.சி. எவ்வளவு, பின் எவ்வளவு என்று எழுதுங்கள். நாலு முறை எழுதினால் உங்கள் தொட்டிக்கு எத்தனை மி.லி.க்கு எவ்வளவு ஏறும் என்பது அத்துப்படியாகிவிடும்.

இனி முக்கியமான இடம். மட்டத்தையும் ஈ.சி.யையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு டேப் ஒட்டி, ஆரம்பத்திலேயே லிட்டர் லிட்டராக ஊற்றிக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் குறைந்து ஈ.சி. ஏறியிருந்தால், செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை ஒதுக்கியிருக்கிறது. கரைசல் கெட்டி, வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இதுதான் வழக்கமாக நடக்கும். மட்டமும் குறைந்து ஈ.சி.யும் குறைந்திருந்தால் செடிக்குப் பசி, உரம் சேர்க்கலாம். மட்டம் குறைந்து ஈ.சி. அப்படியே இருந்தால் கலவை சரியாக இருக்கிறது, அதே கெட்டியில் நிரப்புங்கள். மட்டமே குறையவில்லை என்றால்தான் கவலை. நல்ல வெயிலில் செடி தண்ணீர் குடிக்கவில்லை என்றால் வேரைத் தூக்கிப் பாருங்கள்.

வேர் வெள்ளையாகவோ இளம் மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. உரத்தின் நிறம் ஏறிப் பழுப்பாக இருந்தாலும் தொட்டால் விறைப்பாக இருக்கிறது, நாற்றம் இல்லை என்றால் பயம் இல்லை. வழவழப்பாக, இழுத்தால் கையோடு உரிந்து, சாக்கடை வாடை அடித்தால் அழுகல். சென்னை மாடியில் இதற்கு முதல் காரணம் சூடு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் அது 7.5க்கு வந்துவிடும். வேருக்கு மூச்சு முட்டுகிற அதே சூட்டில் அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். காலை 7 மணி அளவு ஆறுதல் தரும், உண்மையைச் சொல்லாது. தொட்டியைத் தெர்மாகோலால் சுற்றி மேலே வெள்ளைத் துணி போடலாம். என் கேள்வி, மே மாதத்தில் லெட்டூஸோடு மல்லுக்கட்டுவானேன்? நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அதை வளர்த்துவிட்டு, வெயிலில் பொன்னாங்கண்ணிக்கும் முளைக்கீரைக்கும் மாறிவிடலாம். இல்லாவிட்டால் லெட்டூஸ் தண்டு எழும்பி இலை கசந்துவிடும்.

மோட்டார் இல்லாத எளிய முறையில், அதாவது ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய கிராட்கி முறையில் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் மட்டம் இறங்க இறங்க, மேலே வெளிப்படும் வேர் காற்றை உறிஞ்சப் பழகிக்கொள்கிறது. மட்டம் குறைந்துவிட்டதே என்று பழைய அளவுக்கு நிரப்பினால் அந்த வேர் மூழ்கி மூச்சடைக்கும். நிரப்பியே ஆக வேண்டும் என்றால் காற்று வேர்கள் முழுக்க நனையாத அளவுக்குக் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

காற்றுக் குமிழி விடும் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மண்ணில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: செடியை வேரோடு எடை போடலாம். செடி நிற்கும் ஓட்டைக் கிண்ணமான நெட் பாட்டோடு மெல்லத் தூக்கி, தொட்டியின் மேலேயே பிடித்து ஒரு நிமிடம் தண்ணீர் சொட்டவிட்டு, தராசின் மேல் வைத்த கிண்ணத்தில் இறக்கி எடையைக் குறித்துக்கொண்டு உடனே திரும்ப வைத்துவிடுங்கள். நெட் பாட், அதில் செடியைத் தாங்க நிரப்பிய நனைந்த களிமண் உருண்டை இரண்டின் எடையையும் முதலிலேயே எடுத்து வைத்திருந்து கழித்துவிட வேண்டும். சொட்டவிடும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது, வேரில் தங்கும் தண்ணீரே பத்து இருபது கிராம் வித்தியாசம் காட்டிவிடும்.

இலை சொல்வதை எந்த வரியில் எழுதுவது?

நோட்டில் 'இலை மஞ்சள்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. அடியிலையா, குருத்தா என்று எழுதுங்கள். தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துக்களையும் மக்னீசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் இவற்றின் குறை அடியிலையில் முதலில் தெரியும். இரும்பு, கால்சியம், போரான் அப்படி நகராது. குறை குருத்தில் தெரியும். தக்காளியின் அடியில் கருப்பு வட்டமாக அழுகுவதும் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால்தான். அதற்கு முட்டை ஓட்டைத் தேடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிய வரிசையைப் புரட்டுங்கள். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று இருந்திருக்கும்.

மிளகாயில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதும் குறிப்பில் வர வேண்டும். மேல்நோக்கிப் படகு போலக் குவிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கிக் காம்பு நீண்டால் சிலந்திப்பேன் வகை. மருந்து வேறு வேறு. பூச்சியின் வரத்தை அளக்க ஒரு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். ஞாயிறுதோறும் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்களை எண்ணி எழுதிவிட்டுத் துடைத்து மறுபடி தடவுங்கள். எண்ணிக்கை திடீரென்று இரட்டிப்பானால் வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு அதுதான் நேரம். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவருவது இந்த ஈதான். இலை மஞ்சளாகிய பிறகு தெளித்துப் பயனில்லை, செடியைப் பிடுங்க வேண்டியதுதான்.

ஆப்பும் சென்சாரும்

போனில் ஆப் வைத்து எழுதுவது அவரவர் விருப்பம். நான் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி ஒரு வரைபடம் போடச் சொல்வேன். மண் கையோடு போனைத் தொட வேண்டியதில்லை. மண்ணில் குத்தினால் ஈரம், பி.எச்., வெளிச்சம் மூன்றையும் காட்டுவதாக விற்கும் ஊசிக் கருவியை நம்ப வேண்டாம், குறிப்பாக அதன் பி.எச். அளவை. ஈரத்துக்குப் பையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதே போதும், கனம் சொல்லிவிடும். எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் உள்ளவர்கள் ஈர சென்சார் வாங்குவதானால் கெபாசிட்டிவ் வகையாக வாங்குங்கள். இரண்டு உலோகக் கால் வெளியே தெரியும் மலிவு வகை ஈர மண்ணில் சீக்கிரம் அரித்துப்போகும்.

பறித்த பிறகு

பறிக்கும் ஒவ்வொரு முறையும் காய் சமையலறைக்குள் நுழையும் முன் தராசில் ஏற வேண்டும். நுழைந்துவிட்டால் கணக்கு குழம்பில் கரைந்துவிடும். தேதி, பை எண், எண்ணிக்கை, கிராம். செடியைப் பிடுங்கும் நாளில் மொத்தம் போட்டு, அந்தப் பை எத்தனை நாள் மாடியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று பார்த்து, கிராமை நாளால் வகுத்துவிடுங்கள். நான்கு மாதம் நின்று ஒன்றரைக் கிலோ கொடுத்த கத்தரியையும், இருபத்தைந்து நாளில் அரைக் கிலோ கொடுத்த முளைக்கீரையையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கத்தரிக்கு நாளுக்கு 12, 13 கிராம், கீரைக்கு 20. இடம் குறைவாக இருப்பவர்கள் அடுத்த பட்டத்தில் எதற்கு எத்தனை பை ஒதுக்குவது என்பதை இதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

விதை எடுப்பதும் இந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக இல்லாமல் இருந்தால், சீக்கிரம் பூத்து, நோய் வராமல், எடையும் நன்றாகக் காட்டிய பையில் இரண்டு காயை முற்றவிடுங்கள். வெண்டை என்றால் செடியிலேயே காய்ந்து, வரிவரியாக விரியத் தொடங்கும்போது பறித்து, உறையில் போட்டு, பை எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். ஆடியில் விதைக்கும்போது புதுப் பக்கத்தின் தலையில், 'விதை எங்கிருந்து' என்ற இடத்தில் அந்த எண் போகும்.